நக்கவாரத்து இமைநோய்: கண்ணோயறிதல் வரலாற்றில் ஒரு பகுதி

தமிழக வரலாறு பயில்வோர்க்கு நக்கவாரம் புதிய பெயரன்று. முதலாம் இராசேந்திரனின் கடற்படையெடுப்பைக் கூறும் மெய்க்கீர்த்தியில் 'மாநக்கவாரம்' இடம்பெறுகின்றது. மணிமேகலையில் வரும் நக்கசாரணர் வாழிடத்தை இத்தீவுகளோடு பொருத்திக் காண்பாரும் உளர், அப்பொருத்தம் ஐயத்திற்குரியது. தமிழாய்வில் பெரும்பாலும் பெயரளவிலேயே நிலைத்துவிட்ட இத்தீவுகளுள் ஒன்றான கார் நிக்கோபாரில், 2010ஆம் ஆண்டு கண் மருத்துவ உலகு எதிர்பாராத ஒன்று வெளிப்பட்டது. ஆய்வுக்குட்பட்ட சிறாருள் ஏறத்தாழப் பாதிப்பேரின் மேலிமையில், இந்தியாவில் அருகிவிட்டதாகக் கருதப்பட்ட டிராக்கோமா என்னும் தொற்றுநோய் செயல்நிலையில் காணப்பட்டது. கண் சிவப்பும் பீளையும் எளிதில் கண்ணுக்குத் தெரிபவை. அவ்வாறிருக்க, இத்துணைப் பெரிய தொற்று நெடுங்காலம் கணக்கில் வாராதிருந்தது எவ்வாறு என்னும் வினாவுக்கு விடை, நோயை அறியும் முறையின் வரலாற்றிலேயே உள்ளது.

பெயர்களும் நோயும்

டிராக்கோமா என்பது 'கரடுமுரடு' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லின் வழிவந்தது. மேலிமையின் உட்பக்கம் சொரசொரப்பாவதே பெயர்க்காரணம். சுசுருத சங்கிதை கண்ணோய்களை 76 எனத் தொகுத்து, இமையைச் சார்ந்தவற்றைத் தனியே பிரிக்கின்றது. அவற்றுள் 'போதகி' என்பது செங்கடுகு போன்ற பருக்கள் இமையினுள் தோன்றி, நீர்வடிதலும் அரிப்பும் தரும் நோய். 'பக்ஷ்மகோபம்' என்பது இமைமயிர் உட்புறமாக மடங்கி விழியை உராயும் நோய். தமிழில் அகத்தியர் நயனவிதி முதலான நூல்களைக் கொண்ட சித்த மருத்துவ மரபு கண்ணோய்களை 96 என எண்ணி, முக்குற்ற அடிப்படையில் விளக்குகின்றது.

எண்ணிக்கையில் வேறுபட்ட போதிலும் இம்மரபுகள் கண்ட காட்சியில் குறையில்லை. கடுகு என்னும் உவமை, இன்றைய கண் மருத்துவர் உருப்பெருக்கிக் கண்ணாடிவழிக் காண்பதற்கு வியத்தகு அளவில் அணுக்கமானது. ஆயினும் போதகியும் பக்ஷ்மகோபமும் இரு வேறு நோய்களாகவே எண்ணப்பட்டன. சிறுவயதில் தோன்றிய பருக்களே, பலமுறை மீளத் தொற்றித் தழும்பாகி, முப்பது நாற்பது ஆண்டுகளுக்குப் பின் இமைமயிரை உட்புறம் திருப்புகின்றன என்பது ஒரே நோயாளியை ஒருமுறை மட்டும் காணும் மருத்துவர்க்குப் புலப்படாது. பெயர்கள் தனித்தனியே நின்றன. அவற்றை இணைக்கும் காலக்கோடு கிட்டவில்லை.

மேனாட்டிலும் இந்நோய் பற்றிய தெளிவு மெல்லவே வந்தது. எகிப்தியப் போரிலிருந்து மீண்ட நெப்போலியன் காலப் படைவீரர்களால் இக்கண்ணழற்சி ஐரோப்பாவில் பரவியது. இலண்டன் மூர்ஃபீல்ட்ஸ் கண் மருத்துவமனை 1805இல் தோன்றியதன் பின்னணியில் அந்த அச்சமும் உண்டு. அம்மருத்துவமனையின் வழிவந்த முயற்சியே 1819இல் நிறுவப்பட்ட சென்னைக் கண் மருத்துவமனை. எழும்பூரில் இன்றுள்ள அந்நிலையத்தின் தோற்றத்திலும் இந்நோய்க்கு மறைமுகமான பங்குண்டு எனலாம்.

தமிழ்வழிக் கற்பித்தல்

கண்ணோய்களை மருத்துவ மாணவர்க்குத் தமிழிலேயே கற்பிக்கும் முயற்சியும் அந்நூற்றாண்டிலேயே நிகழ்ந்தது. அமெரிக்க மிஷன் மருத்துவரான சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் 1847இல் இலங்கை வந்து, யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவக் கல்வியைத் தொடங்கினார். 1860களில் பயிற்றுமொழியைத் தமிழாக்கினார். அவர்தம் 'இரண வைத்தியம்' 1867இல் வெளிவந்தது. அதற்கு அடிப்படையான டிரூயிட்டின் ஆங்கில அறுவை மருத்துவ நூலில் கண்ணுக்கெனத் தனிப் பகுதி உண்டு. வழக்கிலுள்ள தமிழ்ச்சொல், அது கிட்டாதவழி வடசொல், அதுவும் கிட்டாதவழி ஆங்கிலச் சொல்லின் தமிழ்வடிவம் என்பது கிரீனின் கலைச்சொல் நெறி. 'கெமிஸ்தம்' என்னும் நூற்பெயர் மூன்றாம் நிலைக்குச் சான்று. கிரீனைப் பற்றிய தமிழாய்வுகள் பெரும்பாலும் கலைச்சொல்லாக்கத்தோடு நின்றுவிடுகின்றன. பாடநூலில் ஒரு நோய்ப்பெயருக்குத் தமிழ்ச்சொல் தருதல் ஒரு பணி. அந்நோயைக் காண மாணவன் கை எதைச் செய்யவேண்டும் என்று தமிழில் சொல்லுதல் வேறொரு பணி. பின்னதே கடினமானது.

இமையைத் திருப்புதல்

டிராக்கோமாவைப் பொறுத்தவரை அக்கை வினை மிக எளியது. நோயாளியைக் கீழ்நோக்கிப் பார்க்கச் செய்து, மேலிமையின் மயிரைப் பற்றி முன்னிழுத்து, இமையின் மேற்பகுதியைச் சிறுகோலாலோ விரலாலோ அழுத்தி இமையைப் புரட்டவேண்டும். நலமான இமையின் உட்பகுதி இளஞ்சிவப்பாய், வழவழப்பாய், மெல்லிய குருதி நாளங்கள் தெரியும்படி இருக்கும். அரை மில்லிமீட்டருக்குக் குறையாத வெண்ணிற மணிகள் ஐந்தோ அதற்கு மேலோ நடுப்பகுதியில் காணப்படின் அது நோயின் முதற்குறி. இமைப்படலம் தடித்து நாளங்களில் பாதிக்கு மேல் மறைவது கடுமையான அழற்சி. வெண்கோடுகளாய்த் தழும்பு தெரிதல் மூன்றாவது. ஒரு மயிரேனும் விழியை உராய்தல் நான்காவது. கருவிழி மங்கிக் கண்மணியின் விளிம்பை மறைத்தல் ஐந்தாவது. 1987இல் உலக நலவாழ்வு அமைப்பு வகுத்த இவ்வைந்து குறிகளும் தனித்தனி நோய்களல்ல. ஒரே நோயின் படிகள். 1907இல் சாவகத்தில் ஹால்பர்ஸ்டேட்டர், புரோவாசெக் ஆகிய இருவரும் நுண்ணோக்கியில் இந்நோயின் நுண்பொதிவுகளைக் கண்டது முதல் நிகழ்ந்த ஆய்வுகளே போதகியையும் பக்ஷ்மகோபத்தையும் ஒரே வரிசையில் நிறுத்தின.

சிறாரிடம் காணப்படும் ஒவ்வாமைக் கண்ணழற்சியிலும் இமையினுள் புடைப்புகள் தோன்றும். அவை தட்டையாய்க் கற்பாவியது போலிருக்கும். அரிப்பே முதன்மையாக இருக்கும். பொதுவாக வரும் 'மெட்ராஸ் ஐ' சில நாள்களிலோ ஓரிரு வாரங்களிலோ நீங்கிவிடும். இமையைப் புரட்டாத மருத்துவர் இம்மூன்றையும் 'கண்வலி' என ஒன்றாக எழுதிச் சொட்டுமருந்து கொடுத்து அனுப்பக்கூடும்.

மறதியும் மீட்பும்

1950களின் பிற்பகுதியில் தொடங்கிய இந்திய ஆய்வுகள் டிராக்கோமா பஞ்சாபில் 79.1 விழுக்காடும் ஒடிசாவில் 0.5 விழுக்காடும் பரவியிருந்ததாகக் காட்டின. 1963இல் தேசியக் கட்டுப்பாட்டுத் திட்டம் வந்தது; 1976இல் அது பார்வையிழப்புத் தடுப்புத் திட்டத்துள் அடங்கியது. நோய் குறையக் குறையக் கண்புரையே முதலிடம் பெற்றது, அது இயல்பே. ஆனால் ஒரு நோய் அருகும்போது, அதனைத் தேடும் பழக்கமும் அதனோடு அருகிவிடுகின்றது. அவ்வாறு பயின்ற தலைமுறை நோயைத் தவறாக அறிந்தது என்பதைக் காட்டிலும், தேடவில்லை என்பதே பொருந்தும்.

கார் நிக்கோபார் ஏறத்தாழ 127 சதுர கிலோமீட்டர் பரப்புடைய தீவு. 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 17,841. 'துஹேத்' எனப்படும் பெருங்கூட்டுக் குடும்பங்களாய் மக்கள் வாழ்கின்றனர். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை கடற்கரைச் சிற்றூர்களை அழித்தபின் மக்கள் தீவின் உட்பகுதிக்குக் குடியமர்த்தப்பட்டனர். பேரலைக்கு முன் இந்நோய் எந்த அளவில் இருந்தது என்பதற்கு ஒப்பிடத்தக்க கணக்கின்மையின், பேரலையை இதற்குக் காரணமாக்குதல் பொருந்தாது. முதியோரின் இமைத்தழும்புகள் நோயின் தொன்மையையே காட்டுகின்றன.

நோய் கண்டறியப்பட்டபின், தனியொருவர்க்கு மருந்து என்னும் முறை கைவிடப்பட்டுத் தீவு மக்கள் அனைவர்க்கும் அசித்ரோமைசின் ஆண்டுக்கொருமுறையாக மூன்று ஆண்டுகள் வழங்கப்பட்டது. ஈக்களும் கைகளும் துணிகளும் ஒரே வீட்டுக்குள் தொற்றை மீளமீளக் கடத்துவதால், ஒரு குழந்தைக்கு மட்டும் மருந்தளித்தல் பயனற்றதாகும். முகத்தூய்மை, நீர் வசதி, சுற்றுப்புறத் தூய்மை, இமைமயிர் திரும்பியோர்க்கு அறுவை ஆகியனவும் உலக நலவாழ்வு அமைப்பு வகுத்த நெறியில் அடங்கும். தில்லி அனைத்திந்திய மருத்துவ அறிவியல் கழகத்தின் டாக்டர் இராசேந்திர பிரசாத் கண் மருத்துவ மையம் 2013இல் நிகழ்த்திய ஆய்வில், சிறாரிடையே செயல்நிலை நோய் 6.8 விழுக்காடாகக் குறைந்திருந்தது.

அதே ஆய்வில், 15 வயதுக்கு மேற்பட்டோருள் 3.9 விழுக்காட்டினர்க்கு இமைமயிர் உட்புறம் திரும்பியிருந்தது. நோய் நீங்கியதென அறிவிக்க வேண்டுமாயின், மருத்துவத்துறை அறியாத அத்தகையோர் 0.2 விழுக்காட்டிற்குக் குறைவாக இருத்தல் வேண்டும். மருந்து கிருமியை நீக்கும், தழும்பை நீக்காது. 2024 அக்டோபரில் இந்தியா, பொதுநலச் சிக்கல் என்னும் நிலையிலிருந்து டிராக்கோமாவை நீக்கிய நாடாக உலக நலவாழ்வு அமைப்பால் ஏற்கப்பட்டது. 2015இல் போர்ட் பிளேரில் தொடங்கிய மருத்துவக் கல்லூரியின் மாணவர், கார் நிக்கோபாரிலிருந்து கப்பலேறி வரும் முதியவளின் மேலிமையைப் புரட்டினால் அங்குக் காணப்போவது பெரும்பாலும் கடுகு போன்ற மணிகளை அன்று; அவள் சிறுமியாய் இருந்தபோது ஒருவரும் புரட்டிப் பார்க்காத இமையின் வெண்கோட்டையே.