நிலத்துக்குள் செலுத்தப்படும் கழிவுநீர்: சட்டமும் சேரியின் குடிநீரும்

தொழிற்சாலைக் கழிவுநீரை ஆழ்துளைக் கிணற்றின் வழியே நிலத்தடிக்குள் செலுத்துவதை ‘ரிவர்ஸ் போரிங்’ என்பர். சில நாடுகளில் இது உரிமம் பெற்றுச் செய்யப்படும் தொழில்நுட்பம், இந்தியாவில் குற்றம். ஆயினும் மண்ணுக்குள் நிகழ்வது கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதே குற்றவாளிக்குக் கிடைக்கும் முதல் பாதுகாப்பு.

அமெரிக்க முறை

அமெரிக்காவின் பாதுகாப்பான குடிநீர்ச் சட்டம் 1974இல் இயற்றப்பட்டது. அதன் கீழ் உட்செலுத்துக் கிணறுகள் ஆறு வகைகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. முதல் வகைக் கிணறுகள், குடிநீர் தரக்கூடிய அடுக்குகள் அனைத்துக்கும் கீழே கழிவைச் செலுத்த வேண்டும். குழாய் உறையில் கசிவு உண்டா எனக் காலந்தோறும் சோதிக்கப்பட வேண்டும். குடிநீர் அடுக்கினுள்ளோ அதற்கு மேலோ அபாயக் கழிவைச் செலுத்தும் நான்காம் வகைக்குத் தடை உள்ளது.

இந்தியச் சட்டம்

1974ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டம், ‘நீரோடை’ என்னும் சொல்லுக்குள் நிலத்தடி நீரையும் சேர்த்தே வரையறுக்கிறது. நச்சுப் பொருளை நீரோடையிலோ கிணற்றிலோ நிலத்திலோ அறிந்தே விடுவதை அதன் 24ஆம் பிரிவு தடுக்கிறது. மத்திய நிலத்தடி நீர் ஆணையத்தின் 2020 வழிகாட்டு நெறிகளோ, சுத்திகரிக்கப்பட்ட கழிவுநீரைக்கூட நீர்கொள் அடுக்கில் செலுத்தக் கூடாது என்கின்றன.

ஆனால், தண்டனை தளர்ந்துவருகிறது. 24ஆம் பிரிவை மீறினால் ஒன்றரை முதல் ஆறு ஆண்டுவரை சிறை என்றிருந்தது. 2024ஆம் ஆண்டின் திருத்தம், அதனை ஏற்கும் மாநிலங்களில், சிறைக்கு மாற்றாக 10,000 முதல் 15 லட்சம் ரூபாய்வரை அபராதம் என்றாக்கியது. தமிழ்நாடு 2003இல் இயற்றிய நிலத்தடி நீர்ச் சட்டம் நடைமுறைக்கு வராமலேயே 2013இல் நீக்கப்பட்டது.

பாறை நிலத்தின் சிக்கல்

தமிழ்நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ முக்கால் பங்கு கடினப் பாறை; இலத்தூர் உள்ளிட்ட தென்காசி வட்டாரமும் அத்தகையதே. இங்கு நீர், சிதைந்த மேல் அடுக்கிலும் அதன் கீழுள்ள பாறை விரிசல்களிலும் தங்குகிறது. ஓரிடத்தில் செலுத்திய கழிவு எந்த விரிசல் வழியே சென்று எவருடைய கிணற்றில் வெளிப்படும் என முன்கூட்டிச் சொல்ல இயலாது.

தோல் தொழிற்சாலைகளின் கழிவு நிலத்தடி நீரை என்ன செய்தது என்பதை 1996ஆம் ஆண்டின் வேலூர் குடிமக்கள் நலமன்ற வழக்குத் தீர்ப்பு பதிவு செய்துள்ளது: திண்டுக்கல் பகுதியின் 13 ஊர்களில் ஆய்வு செய்த 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்தன. பஞ்சாபின் ஜீராவில், எத்தனால் ஆலை நிலத்தடி நீரைக் கெடுப்பதாகக் கூறி 2022 ஜூலையில் ஊரார் போராட்டத்தைத் தொடங்கினர். ஆலை மூடப்படும் என்ற அறிவிப்பு 2023 ஜனவரியில்தான் வந்தது.

சேரியின் கிணறு

கிணறு கெட்டால், நிலமும் பணமும் உள்ளவர் இன்னும் ஆழமாகத் துளையிடுவார் அல்லது விலைக்கு வாங்குவார். ஊராட்சியின் ஒரே கைப்பம்பை நம்பியிருக்கும் நிலமற்ற தலித் குடும்பத்திற்கு அந்த வழி இல்லை. ஆகவே, இது சுற்றுச்சூழல் சிக்கல் மட்டுமன்று.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(x) பிரிவை இங்கு நினைவுகூர வேண்டும். பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ வழக்கமாகப் பயன்படுத்தும் நீராதாரத்தை, அப்பிரிவினர் அல்லாத ஒருவர் மாசுபடுத்திப் பயன்பாட்டுக்கான அதன் தகுதியைக் குறைத்தால் ஆறு மாதம் முதல் ஐந்தாண்டுவரை சிறை. 18ஏ பிரிவின்படி முதல் தகவல் அறிக்கை பதிவதற்கு முதற்கட்ட விசாரணை தேவையில்லை. கடமையை வேண்டுமென்றே புறக்கணிக்கும் அரசு ஊழியரை, அவர் பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ அல்லாதவராயின், 4ஆம் பிரிவு தண்டிக்கும்.

நீரின் நிறமோ மணமோ மாறினால், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் எழுத்து மூலம் புகாரளித்து மாதிரி எடுக்கக் கோர வேண்டும்; காவல் நிலையத்தில் மேற்கண்ட பிரிவைக் குறிப்பிட்டு முறையிட வேண்டும். அபராதத்தைக் கணக்கில் எழுதிக் கடந்துவிடும் ஆலை உரிமையாளரும் சிறைத் தண்டனையை அவ்வாறு கடந்துவிட முடியாது.