கறுத்த எண்ணெயில் பிறந்தது

மோட்டார் கார் பிறந்த புதிதில், அதன் இன்ஜினுக்குள் போன எண்ணெய் திரும்பி வந்ததே இல்லை. மேலே இருந்த சிறு பாத்திரத்திலிருந்து சொட்டுச் சொட்டாக இறங்கி, பேரிங்குகளை நனைத்து, கொஞ்சம் எரிந்து புகையாகி, மிச்சம் சாலையில் சிந்தியது. காசு கரைந்தது, ஓட்டியவரின் சட்டையும் கறுத்தது. ஆனாலும் இன்ஜினுக்கு அதில் ஒரு பாக்கியம் இருந்தது: உள்ளே போன ஒவ்வொரு சொட்டும் புது எண்ணெய். அந்தப் பாக்கியத்தைக் கெடுத்தது சிக்கனம்.

சிந்துகிற எண்ணெயை அடியில் ஒரு தொட்டி வைத்துப் பிடித்து, மறுபடி மேலே அனுப்பினால் என்ன என்று பொறியாளர்கள் யோசித்தார்கள். 1908-ல் வந்த ஃபோர்டின் மாடல் டி காரில், சுழலும் ஃபிளைவீலே எண்ணெயை வாரி இறைத்தது. இறைத்தது வழிந்து மீண்டும் தொட்டிக்கு வந்தது. வேறு கார்களில் பம்ப் வந்தது. ஒரே எண்ணெய் ஆயிரக்கணக்கான முறை சுற்றியது. அதோடு சேர்ந்து மண் சாலையின் புழுதியும், எரிந்த கரியும், இரும்புத் துகளும் சுற்றின. பேரிங்குக்கும் தண்டுக்கும் நடுவே நிற்கும் எண்ணெய்ப் படலம் சில மைக்ரான்தான். தலைமுடி ஒன்றின் தடிமனே சுமார் 70 மைக்ரான். படலத்தைவிடப் பெரிய துகள் தண்டைக் கீறியது. கீறலில் உதிர்ந்த உலோகப் பொடி எண்ணெயில் கலந்து அடுத்த கீறலைப் போட்டது. சில நூறு மைலுக்கு ஒருமுறை எண்ணெயை வடித்துக் கொட்டுவதைத் தவிர யாருக்கும் வழி தெரியவில்லை. வழி தெரிந்தவர் கார்த் தொழிலிலேயே இல்லை.

அமெரிக்காவைச் சேர்ந்த எர்னஸ்ட் ஸ்வீட்லாண்டின் பிழைப்பு கசடு பிடிப்பது. சுரங்கத்தில் அரைத்த தாதுக் குழம்பையும், ஆலையில் சர்க்கரைச் சாற்றையும் தெளிய வைக்கும் அழுத்த வடிகட்டி ஒன்று அவர் பெயரிலேயே விற்றது. மூடிய உருளைக்குள் துணி போர்த்திய தகடுகள் வரிசையாக நிற்கும். அழுத்தத்தில் வரும் திரவம் துணியைக் கடந்து போகும், கசடு துணியிலேயே தங்கிவிடும். பெரம்பலூர் மாவட்டம் எறையூர் சர்க்கரை ஆலையில் சாற்றிலிருந்து பிரிந்த ஆலைமண்ணை விவசாயிகள் வயலுக்கு உரமாக ஏற்றிப்போவார்கள். ஸ்வீட்லாண்டின் உலகம் அந்த மாதிரிக் கசடுகளின் உலகம்தான். கரும்புச் சாற்றைத் தெளியவைக்க முடிந்தவருக்கு இன்ஜினின் கறுத்த எண்ணெய் எட்டாத விஷயமாகத் தெரியவில்லை. 1923-ல் ஜார்ஜ் கிரீன்ஹால் என்பவரோடு சேர்ந்து, இன்ஜினில் பொருத்துகிற அளவுக்கு வடிகட்டியைச் சுருக்கினார். பியூரோலேட்டர் என்று பெயர் வைத்தார்கள். கருவி தயார். அதைப் பெயர்பெற வைக்க ஒரு கார் வேண்டும்.

அந்தக் காருக்கோ, நிற்க இடமே கிடைக்கவில்லை. வால்டர் கிரைஸ்லர் தன் பெயரில் முதல் காரைக் கட்டி முடித்து, 1924 ஜனவரியில் நியூயார்க் மோட்டார் கண்காட்சிக்குக் கொண்டு வந்தார். விற்பனைக்கே வராத காருக்கு அனுமதி கிடையாது என்றார்கள் அமைப்பாளர்கள். கையில் காசும் இல்லை. உற்பத்தியைத் தொடங்கக் கடன் கிடைத்தாக வேண்டும், கடன் கொடுப்பவர்கள் காரைப் பார்த்தாக வேண்டும். கிரைஸ்லர் மடங்கிவிடவில்லை. கண்காட்சிக்கு வந்த பெரிய மனிதர்களெல்லாம் தங்கியிருந்த கமடோர் ஹோட்டலின் முன்கூடத்தையே வாடகைக்குப் பிடித்து, காரை அங்கே நிறுத்தினார். கண்காட்சிக்குள் இருந்திருந்தால் நூறோடு நூற்றொன்றாகப் போயிருக்கும். ஹோட்டலில் அந்த ஒரு காரைச் சுற்றித்தான் கூட்டம். 50 லட்சம் டாலர் கடன் கிடைத்தது. முதல் ஆண்டிலேயே சுமார் 32,000 கார்கள் விற்றன. நாலு சக்கரத்துக்கும் ஹைட்ராலிக் பிரேக், மணிக்கு 70 மைல் வேகம் என்று எல்லோரும் அதைப் பற்றியே பேசினார்கள். பானெட்டைத் திறந்தவர்களின் கண்ணில்தான் அந்தச் சின்னப் பியூரோலேட்டர் உருளை பட்டது. இன்று சர்வீஸ் பில்லில் ஒற்றை வரியாக வந்துபோகும் ஆயில் ஃபில்டர், காரோடு சேர்ந்தே வீதிக்கு வந்தது அப்படித்தான். ஸ்வீட்லாண்டுக்குக் காப்புரிமை 1929-ல் கிடைத்தது. ஆனால் அந்த உருளையில் ஒரு பெரிய குறை இருந்தது.

எண்ணெயில் பத்தில் ஒரு பங்குதான் அதன் வழியாகப் போனது. மிச்சமெல்லாம் வடிகட்டாமலே பேரிங்குக்கு ஓடியது. முழுவதையும் அதன் வழியே அனுப்பத் துணிச்சல் வரவில்லை. குளிரில் எண்ணெய் கெட்டிப்பட்டாலோ, துணி அடைத்தாலோ இன்ஜின் எண்ணெய் இல்லாமல் இறுகிச் செத்துவிடும். இரண்டாம் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில்தான் விடை வந்தது. எல்லா எண்ணெயும் வடிகட்டிக்குள் போகட்டும். அது அடைத்தால் மட்டும் ஸ்பிரிங் வைத்த ஒரு வால்வு திறந்து, அழுக்கு எண்ணெயையாவது அனுப்பட்டும். எண்ணெயே இல்லாத நிலையைவிட அழுக்கு எண்ணெய் மேல் என்ற இந்தக் கணக்கு, என் பார்வையில், ஃபில்டர் வரலாற்றிலேயே புத்திசாலித்தனமான முடிவு. துணியின் இடத்தில் மடிப்பு மடிப்பான காகிதம் வந்தது. ஆனால் அதை மாற்றுவது பெரிய ரகளையாக இருந்தது.

உருளையின் நடு போல்ட்டைக் கழற்றி, எண்ணெய் வழிய வழிய காகித எலிமென்ட்டை எடுத்து, கிண்ணத்தைக் கழுவி, ரப்பர் வளையத்தைச் சரியாக உட்காரவைக்க வேண்டும். நம் அம்பாசடரிலும் இதே வேலைதான். வளையம் சற்றுப் பிசகினாலும் ஒழுகியது. 1954-ல் அமெரிக்காவின் விக்ஸ் நிறுவனம் கிண்ணம், காகிதம், வால்வு எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் அடைத்து, திருகி மாட்டித் திருகி எறிகிற மாதிரி செய்தது. டப்பா சாய்வாகவோ தலைகீழாகவோ மாட்டப்பட்ட இன்ஜின்களில், இரவில் எண்ணெய் வடிந்து, காலையில் ஸ்டார்ட் செய்ததும் கடகடவென்று சத்தம் வந்தது. அதைத் தடுக்க உள்ளே ஒரு ரப்பர் வால்வும் சேர்ந்தது. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபோது, இந்தத் திருகு டப்பாவும் நம் ஊர்களுக்குள் பரவலாக வந்தது. வந்து சேர்ந்த இடத்தில் அதற்கு வேலை காத்திருந்தது.

அரியலூர், சுமார் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் கிடந்த மண். அந்தக் கடல் விட்டுப்போன சுண்ணாம்புக்கல்லைத் தேடி சிமென்ட் ஆலைகள் வரிசையாக வந்தன. ராப்பகலாக லாரிகள் ஓடின. பெரம்பலூரின் மேற்கே கடினப் பாறை. அங்கே கல்குவாரியும் கிரஷரும். கண்ணுக்கு அரியலூரின் வெள்ளைப் புழுதிதான் பயமுறுத்தியது. இன்ஜினுக்கு ஆபத்து வேறு பக்கம் இருந்தது. பத்துப் படி கொண்ட கடினத்தன்மை அளவையில் சுண்ணாம்புக்கல்லுக்கு மூன்றாம் படி. பெரம்பலூர்ப் பாறையில் கலந்திருக்கும் குவார்ட்ஸுக்கு ஏழாம் படி. குவார்ட்ஸ் துகள் பேரிங்கைச் சும்மா விடாது. ஏர் ஃபில்டரில் ஒரு சின்ன இடுக்கு இருந்தாலும் அது உள்ளே வந்தது. வந்ததைப் பிடிப்பது ஆயில் ஃபில்டரின் தலையில் விழுந்தது. அந்த நேரத்தில் டப்பாவின் தோற்றமே ஏமாற்றத் தொடங்கியது.

எல்லா டப்பாவும் வெளியே ஒன்றுபோல இருந்தன. மாருதியின் மரை 20 மில்லிமீட்டர். வேறு பல இன்ஜின்களில் முக்கால் அங்குலம். வித்தியாசம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. முக்கால் அங்குல தண்டில் 20 மில்லிமீட்டர் டப்பா திருகினால் பிடித்ததுபோலவே இருக்கும். அழுத்தம் ஏறியதும் நெடுஞ்சாலையில் கழன்று, எண்ணெய் முழுவதையும் பீய்ச்சிவிடும். மலிவு டப்பாவில் காகித மடிப்பு குறைந்தது, ரப்பர் வால்வு சூட்டில் விறைத்துச் சுருங்கியது. இவை எதுவும் வெளியே தெரிவதில்லை. பழைய டப்பாவை அறுத்து, காகிதத்தை விரித்துப் பார்த்த மெக்கானிக்குகளுக்கு மட்டும் உண்மை தெரிந்தது. மடிப்பில் மின்னும் துகள் இருந்தால் பேரிங் தேய்கிறது என்று அர்த்தம்.

கதையின் கடைசித் திருப்பம் ஸ்விஃப்ட்டில் வந்தது. பெட்ரோல் ஸ்விஃப்ட்டுக்குத் திருகு டப்பா. 2007-ல் வந்த 1.3 லிட்டர் டீசல் ஸ்விஃப்ட்டுக்கோ, அம்பாசடர் காலத்தைப் போல வெறும் காகித எலிமென்ட். இரும்பு டப்பாவைத் தூக்கி எறியாமல் காகிதத்தை மட்டும் மாற்றுகிற பழைய வழி, பிளாஸ்டிக் மூடியோடு திரும்பியிருந்தது. ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் காரின் பெயரை மட்டும் சொன்னால் போதாது என்று ஆனது. பெட்ரோலா டீசலா, எந்த வருஷ மாடல் என்ற கேள்விகளுக்குப் பதில் வந்த பிறகே சரியான ஃபில்டர் கவுண்ட்டருக்கு வந்தது. டீசலுக்கு என்றால், மூடிக்கான புது ரப்பர் வளையமும் சேர்ந்தே வந்தது.