சிறைப்பட்டவன் தீயவனான கதை

'நாற்றம்' என்ற சொல் பண்டை இலக்கியங்களிலே நறுமணத்தைக் குறித்தது. இன்று மூக்கைப் பொத்த வைக்கிறது. இதனை இழிபொருட்பேறு என்று உயர்தர வகுப்பிலே கற்பிக்கும் போதெல்லாம் கடல் கடந்த சொல்லொன்று என் நினைவுக்கு வருவதுண்டு. நாற்றத்துக்கு நேர்ந்தது வெறும் பொருள் மாற்றம். அச்சொல்லுக்கு நேர்ந்ததோ அநியாயம்.

இலத்தீனில் 'கப்பேரே' என்றால் பிடித்தல். அதன்வழிப் பிறந்த 'கப்தீவுஸ்' என்ற பெயரடை 'பிடிபட்ட' எனப் பொருள்படும். போரிலே பிடிபட்டோரை உரோமர் தலையில் மாலை சூட்டி ஏலத்தில் விற்றனர். 'மாலையின் கீழ் விற்றல்' என்றே அதற்குப் பெயர். மணமாலையுமன்று, வாகைமாலையுமன்று, விலைமாலை!

இச்சொல் இலத்தீனின் வழிவந்த மொழிகளிலே வெவ்வேறு வழியிற் சென்றது. ஸ்பானியத்தில் 'கௌதீவோ' இன்றும் சிறைப்பட்டவனே, போர்த்துக்கேயத்திலும் அவ்வாறே. பிரெஞ்சில், சிலுவைப்போர் பற்றிய 12ஆம் நூற்றாண்டுக் காவியமொன்று இச்சொல்லையே தலைப்பாகக் கொண்டது. அங்கு கைதிகள் என்பதே பொருள். இன்றோ 'ஷெத்தீஃப்' என்றால் நோஞ்சான். சிறைச்சோறு உண்டவனின் மெலிந்த உடலை மட்டும் அம்மொழி நினைவில் வைத்திருக்கிறது போலும்.

இத்தாலியத்திலேதான் கொடுமை. அங்கு 'கத்தீவோ' என்றால் கெட்டவன். கெட்ட காலநிலைக்கும் அதுவே சொல். கிறிஸ்தவ இலத்தீனிலே பாவியைப் 'பிசாசின் கைதி' என்றனர். காலப்போக்கில் பிசாசு உதிர்ந்தது; பழி கைதியின் மேல் நின்றது.

1321இல் மறைந்த மகாகவி தாந்தேயின் நரக காண்டத்திலே இரு பொருளையும் ஒருங்கே காணலாம். 3ஆம் பாடலில், கடவுளுக்கும் அவரது பகைவருக்கும் வேண்டாதவராய் நிற்கும் இழிந்தோரை இச்சொல்லாற் சுட்டுகிறார். 30ஆம் பாடலில், கணவனையும் பிள்ளைகளையும் பறிகொடுத்துக் கிரேக்கரிடம் சிறைப்பட்ட துரோய் நகரத்து அரசி ஹெக்குபாவுக்கும் அதே சொல்! மொழி அப்போது தன் தீர்ப்பை இன்னும் எழுதி முடிக்கவில்லை.

ஸ்பானியர் பழம்பொருளைக் கைவிடாதது ஏன்? கடற்கொள்ளையரிடம் ஆட்கள் சிக்குவது அங்கு நன்கறிந்த துயரம் என்று கூறத் தோன்றும். ஆனால் இத்தாலியக் கரையோரமும் அதே கொள்ளையருக்கு இரையானதுதானே! ஆகவே அனுபவம் ஒன்றே காரணமென்று சொல்வதற்கில்லை.

செர்வாந்தேஸ் 1575இல் கடலிலே பிடிபட்டு, அல்ஜியர்ஸில் ஐந்தாண்டுகள் கிடந்து, 1580இல் துறவிகள் பணங்கொடுத்து மீட்டபின் ஊர் திரும்பியவர். 1605இல் வெளிவந்த 'டொன் கிஹோத்தே'யில் தப்பிவந்த கைதியொருவனைத் தன் கதையைத் தானே சொல்ல வைக்கிறார். 'கௌதீவோ' என்றே அவனை அழைக்கிறார். அதனை இன்று இத்தாலியத்தில் பெயர்ப்பவர் உடன்பிறந்த சொல்லை அப்படியே எழுதிவிட முடியாது. எழுதினால் அந்தப் படைவீரன் கெட்டவனாகிவிடுவான். வேறொரு சொல்லைத் தேடியாக வேண்டும்.