காட்டில் மகளுக்குப் பங்கு உண்டா? 1937க்கும் 1949க்கும் நடுவில் ஒரு கதை

ராசிபுரம் பக்கம் நண்பர் ஒருவர் வீட்டில் பாகப்பிரிவினைப் பேச்சு. ராவுத்தர் குடும்பம். அவருடைய அத்தா இறந்து ஒரு வருஷம் ஆகிறது. விட்டுப்போனது 4 ஏக்கர் 80 சென்ட், பெரும்பாலும் குச்சிக்கிழங்குக் காடு. "நீதான் கம்ப்யூட்டர்காரனாச்சே, கணக்குப் போட்டுக் கொடு" என்று என்னைக் கூப்பிட்டார்கள்.

சரி, கணக்கைப் பார்ப்போம். அடக்கச் செலவு, கடன், மரண சாசனம் (மொத்தத்தில் மூன்றில் ஒன்றைத் தாண்டக் கூடாது) எல்லாம் கழித்த பிறகுதான் பங்கு. இருப்பவர்கள் மனைவி, தாய், ஒரு மகன், இரண்டு மகள்கள். பிள்ளைகள் இருப்பதால் மனைவிக்கு 1/8, தாய்க்கு 1/6. மீதியில் மகனுக்கு இரண்டு பங்கு என்றால் மகளுக்கு ஒன்று. மொத்தத்தை 24 ஆக்கினால் மனைவிக்கு 3, தாய்க்கு 4, மீதி 17. பதினேழை நான்காகப் பிரிக்க முடியாது. அதனால் 96 ஆக்க வேண்டும். 12, 16, 34, 17, 17. சென்ட்டில் சொன்னால் மனைவிக்கு 60, தாய்க்கு 80, மகனுக்கு 170, மகள்களுக்கு ஆளுக்கு 85. கூட்டிப் பாருங்கள், 480 சரியாக வரும். 9ஆம் நூற்றாண்டில் அல்குவாரிஸ்மி எழுதிய இயற்கணித நூலில் பெரும்பகுதி இந்த மாதிரி பாகக் கணக்குதான்.

நான் படித்து முடித்ததும் நண்பரின் பாட்டி கேட்டார்: "எனக்கு 80 சென்ட்டா? எங்கத்தா காட்டுல பொண்ணுகளுக்கு ஏதுப்பா பங்கு? நகை போட்டாங்க, அதோட சரி."

அந்த ஒரு கேள்விக்காகத்தான் பழைய சட்டங்களைத் தேட ஆரம்பித்தேன்.

ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் சேலம் வட்டாரம் திப்புவிடமிருந்து கம்பெனி கைக்கு வந்தது 1792இல். அதே வருஷம் கல்கத்தாவில் வில்லியம் ஜோன்ஸ், ஹனஃபி வாரிசுச் சட்ட நூலான 'சிராஜிய்யா'வை ஆங்கிலத்தில் வெளியிட்டார். ஆக, பங்கு விவரம் வெள்ளைக்கார நீதிபதிகளுக்குத் தெரியும். ஆனால் 1873ஆம் வருஷத்து மெட்ராஸ் சிவில் நீதிமன்றச் சட்டம் ஒரு கதவைத் திறந்து வைத்தது. முஸ்லிம்களுக்கு முஸ்லிம் சட்டம். அதோடு, சட்டத்துக்கு இணையான வழக்கம் இருப்பதாக நிரூபித்தால் அந்த வழக்கமும் செல்லும். "எங்க குடும்பத்துல பொண்ணுக்கு நிலம் கொடுக்குற வழக்கம் இல்லை" என்று வாதாட இது போதும்.

இந்தக் கதவை மூடத்தான் 1937இல் ஷரீஅத் சட்டம் வந்தது. வழக்கம் எதுவாக இருந்தாலும் வாரிசுரிமையில் ஷரீஅத்தே செல்லும் என்றது. ஆனால் விவசாய நிலம் மட்டும் விலக்கு! காரணம், 1935 இந்திய அரசுச் சட்டப்படி விவசாய நிலத்தின் வாரிசுரிமை மாகாணங்களின் அதிகாரத்தில் இருந்தது. மத்திய சட்டசபை அதில் கை வைக்க முடியாது. விளைவு என்ன? சேலம் டவுனில் இருக்கும் வீட்டுக்கு ஒரு சட்டம், நாமக்கல் காட்டுக்கு வேறு சட்டம். காடுதான் சொத்து என்று இருக்கும் ஊரில், விலக்கு எவ்வளவு பெரியது என்று சொல்ல வேண்டியதில்லை.

அந்த விலக்கை எடுத்தது மெட்ராஸ் மாகாணத்தின் 1949ஆம் வருஷத்து 18ஆவது சட்டம். காடு, தோட்டம் எல்லாம் உள்ளே வந்தது. எல்லா மாகாணமும் இப்படிச் செய்யவில்லை. உத்தரப் பிரதேசத்தின் 1950 ஜமீன்தாரி ஒழிப்புச் சட்டம் வயலுக்குத் தனி வாரிசு வரிசை வைத்தது. அதில் மகனுக்கு அப்புறம்தான் மகள். இங்கேயோ 1961இல் ஒரு தர்கா வழக்கில், பெண்களுக்குப் பங்கில்லை என்ற வழக்கத்தை உச்ச நீதிமன்றம் இந்த 1949 திருத்தத்தைக் காட்டியே தள்ளியது. பக்கத்துக் காட்டு இந்து மகளுக்கு, கூட்டுக் குடும்பச் சொத்தில் பிறப்பாலேயே பங்கு தமிழ்நாட்டில் 1989இல்தான் வந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

மகளுக்கு மகனில் பாதி என்பது பற்றி விவாதம் இருக்கிறது, இருக்கட்டும். பல வீடுகளில் அந்தப் பாதியே கைக்கு வரவில்லை என்பதுதான் என் கவலை.

பாட்டியிடம், "உங்க அத்தா எப்ப மௌத்தானாங்க?" என்று கேட்டேன். "எனக்கு ரெண்டாவது பையன் பொறந்த வருஷம். அறுபத்தி நாலு."

1964. அதாவது அவருடைய பங்கு சட்டத்தில் வந்து 15 வருஷம் கழித்து. வீட்டில் யாரும் அவரிடம் சொல்லவில்லை. 80 சென்ட் என்று எழுதிய தாளை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.