ஒரு சொல் செய்த காயம்: 1939 அயோவா திக்குவாய் ஆய்வு



பட்டப்பின் டிப்ளோமா படித்தபோது வாசிப்புத் திறன் பற்றிச் செயலாய்வு ஒன்று செய்தேன். வாசிக்கத் தடுமாறும் மாணவர்கள் எட்டுப் பேரைத் தேர்ந்தெடுத்து, அவர்கள் வாசிப்பதைக் கைப்பேசியில் பதிவு செய்யத் தொடங்கினேன். பள்ளியின் அனுமதி இருந்தது. பெற்றோரின் கையெழுத்தும் இருந்தது. முதல் நாளே ஒரு மாணவி கேட்டாள்: "டீச்சர், நான் வீக்குன்னுதானே என்னைக் கூப்பிட்டீங்க?" என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அதன் பிறகுதான் இந்த வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் வெண்டல் ஜான்சன் என்ற பேச்சு நோயியல் அறிஞர் இருந்தார். அவரே திக்கிப் பேசுபவர். பெரியவர்கள் ஒரு பிள்ளையின் இயல்பான தடுமாற்றத்தைக் 'குறை' என்று முத்திரை குத்துவதால்தான் திக்குவாய் உண்டாகிறது என்பது அவர் கருத்து. அதைச் சோதித்துப் பார்க்க 1939இல் தம் மாணவி மேரி டியூடரை டேவன்போர்ட் நகரில் இருந்த அனாதை இல்லத்துக்கு அனுப்பினார்.

அங்கே 22 பிள்ளைகள் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். அவர்களில் 10 பேர் ஏற்கெனவே திக்குபவர்கள் எனக் கருதப்பட்டவர்கள்; 12 பேர் இயல்பாகப் பேசியவர்கள். அந்த 12 பேரில் 6 பேரிடம், "உனக்குத் திக்குவாய் வருவதற்கான அறிகுறி தெரிகிறது, சரியாகப் பேச முடியாவிட்டால் பேசாதே" என்ற பொருள்பட மீண்டும் மீண்டும் சொல்லப்பட்டது. உண்மையான நோக்கம் பிள்ளைகளுக்குச் சொல்லப்படவில்லை.

சில மாதங்களில் விளைவு தெரிந்தது. அந்தப் பிள்ளைகள் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள், கூச்சப்பட்டார்கள், வகுப்பில் வாய் திறக்கத் தயங்கினார்கள். ஆய்வு முடிந்தபின் டியூடர் திரும்பிப் போய், அவர்கள் பேச்சில் குறையில்லை என்று சொல்லிப் பார்த்தார். சொன்ன சொல்லை அவ்வளவு எளிதாகத் திரும்பப் பெற முடியுமா, என்ன?

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். தேர்வுக் கட்டுரையில் பலர் "இந்த ஆய்வு பிள்ளைகளைத் திக்குவாயர்கள் ஆக்கியது" என்று எழுதிவிடுகிறார்கள். பதிவுகளைப் பின்னாளில் ஆராய்ந்த அறிஞர்கள் அதற்குச் சான்று இல்லை என்றே கூறினார்கள். திக்கல் வரவில்லை, ஆனால் பேசும் துணிவு போய்விட்டது. அதுவும் காயம்தானே!

அந்த ஆய்வேடு பல்கலைக்கழக நூலகத்திலேயே கிடந்தது. 2001இல் ஒரு நாளிதழ் இதை வெளிக்கொண்டு வந்த பிறகு பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது. 2007இல் அயோவா மாநிலம் 925,000 டாலர் இழப்பீடு தர ஒப்புக்கொண்டது. அதற்குள் 68 ஆண்டுகள் ஓடிவிட்டன.

இடைப்பட்ட காலத்தில் விதிகள் வளர்ந்தன. 1947இன் நியூரம்பர்க் நெறிமுறை, ஆய்வுக்கு உட்படுபவரின் சுய விருப்பம் கட்டாயம் என்றது. ஆனால் சட்டப்படி ஒப்புதல் தரும் தகுதி உடையவர்களைத்தான் அது மனத்தில் கொண்டிருந்தது. பிள்ளைகளைப் பற்றித் தனியாகப் பேசவில்லை. 1983இல் அமெரிக்க விதிகள் பெற்றோர் அனுமதியோடு பிள்ளையின் சம்மதத்தையும் கேட்கச் சொல்லின. 1989இல் வந்த ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு, தன்னைப் பாதிக்கும் விஷயத்தில் கருத்துச் சொல்லப் பிள்ளைக்கு உரிமை உண்டு என்கிறது. மலேசியாவும் சிங்கப்பூரும் 1995இல் இதில் இணைந்தன.

பெற்றோர் தருவது அனுமதி, பிள்ளை தருவது சம்மதம். மாணவர்களே, இந்த வேறுபாட்டைத் தெளிவாக எழுதினால் உங்கள் கட்டுரைக்கு வலு கூடும்.

ஆசிரியர்களுக்கு இன்னொன்றும் உண்டு. வகுப்பறையில் 'வேண்டாம்' என்று சொல்லப் பிள்ளைக்குத் துணிவு வராது. புள்ளி கொடுப்பதும் நாம்தான், ஆய்வு செய்வதும் நாம்தான். அதனால் 'வேண்டாம்' என்றாலும் புள்ளி குறையாது என்பதை நாமே முதலில் சொல்ல வேண்டும்.

மறுவாரம் அந்த எட்டுப் பேரிடமும் ஆய்வின் நோக்கத்தை விளக்கி, விருப்பமா என்று தனித்தனியே கேட்டேன். இருவர் வேண்டாம் என்றார்கள். அவர்களுடைய பதிவுகளை அழித்தேன். கேள்வி கேட்ட அந்த மாணவி மட்டும், "இப்ப ஓகே டீச்சர், ஆனா பேரு போடாதீங்க" என்றாள். ஆய்வேட்டில் எந்தப் பெயரும் போடவில்லை.