அப்பாயிகிட்ட கேட்டு வெச்சுக்க வேண்டிய 6 விஷயங்கள்... புதுக்கோட்டையின் கரன்ட் கேட்காத கைவேலைகள்!

2018 நவம்பர் 16 அதிகாலை. வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா புயல், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களைப் புரட்டிப் போட்டுட்டுப் போனது. தென்னை, பலா, வாழை எல்லாம் சாய்ந்தன. மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் விழுந்தன. சில கிராமங்களுக்குக் கரன்ட் திரும்பி வர வாரக்கணக்கில் ஆச்சு. போன் சார்ஜ் போச்சு, மிக்ஸி ஓடலை என்பதெல்லாம் அப்புறம். முதல் பிரச்னையே தண்ணீர்தான். ஆழ்துளைக் கிணற்றில் தண்ணீர் இருந்தது. ஆனால், அதை மேலே ஏற்ற மோட்டார் ஓடவில்லை. ஜெனரேட்டரை வாடகைக்குப் பிடித்து மேல்நிலைத் தொட்டியை நிரப்பினார்கள். மக்கள் குடத்தோடு வரிசையில் நின்றார்கள்.

அந்த நாள்களில் வாளி போட்டு இறைக்கிற பழைய கிணறு, அடிபம்பு, அம்மிக்கல், வீட்டில் கிடந்த வத்தல், கருவாடு எல்லாத்துக்கும் திடீர்னு மவுசு வந்தது. அதையெல்லாம் பயன்படுத்தத் தெரிந்தவர்கள் பெரும்பாலும் வீட்டில் இருந்த அப்பாயி, அம்மாச்சி, தாத்தாக்கள்தான்.

அவங்களுக்குத் தெரிந்த ஆறு விஷயங்களைப் பற்றிப் பார்க்கலாம். அது எப்படி வேலை செய்யுது, இன்னைக்கு நாம எதிலிருந்து தொடங்கலாம் என்பதையும் சேர்த்தே.

ஏன் புதுக்கோட்டை?

புதுக்கோட்டையில் வருஷம் முழுக்கத் தண்ணீர் ஓடுகிற ஆறு கிடையாது. வெள்ளாறு மழைக்காலத்தில்தான் ஓடும். ஆலங்குடி, அறந்தாங்கி பக்கம் ஒரு பகுதிக்கு கல்லணைக் கால்வாய்த் தண்ணீர் வரும். மற்ற இடமெல்லாம் வடகிழக்குப் பருவமழையை நம்பிய பூமி. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரைக்கும் பெய்கிற மழையைப் பிடித்து வைத்து மிச்ச மாதங்களை ஓட்டணும். அதனால்தான் மாவட்டம் முழுக்க ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கண்மாய்களும் குளங்களும் இருக்கின்றன. தண்ணீர் மட்டுமல்ல, தானியம், காய், விதை என எல்லாத்தையும் மூணு மாசம் சேர்த்து ஒன்பது மாசம் காப்பாற்றுகிற பழக்கம் இங்கே அப்படித்தான் வந்தது.

1. தண்ணீரைத் தேக்கவும் திறக்கவும்

கண்மாய் என்றால் வெறும் பள்ளம்னு நினைச்சுடாதீங்க. மழைநீரைக் கொண்டுவர வரத்துவாரி, தேக்கக் கரை, வயலுக்குத் திறந்துவிட மடை, அதிகமான தண்ணீர் கரையை உடைக்காமல் வெளியேறக் கலுங்கு என ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை உண்டு. கலுங்கிலிருந்து வழியும் தண்ணீர் கீழே இருக்கிற அடுத்த கண்மாய்க்குப் போகும்.

இதில் அசத்தலான விஷயம் குமிழித் தூம்பு. புதுக்கோட்டையின் பழைய கண்மாய்களில் கரைக்கு உள்ளே, தண்ணீருக்கு நடுவே இரண்டு கல்தூண்கள் நிற்பதைப் பார்த்திருப்பீங்க. அந்தத் தூண்களுக்கு அடியில் ஒரு கல்தொட்டி இருக்கும். அதன் மேல்பக்கம் இருப்பது நீரோடித் துளை. கீழே தரையை ஒட்டி இருப்பவை சேறோடித் துளைகள். மேலே அடைத்திருக்கும் கல்லைத் தூக்கினால், தண்ணீர் நிலத்துக்கு அடியில் உள்ள கால்வாய் வழியே வயலுக்குப் பாயும். கூடவே அடியில் தங்கிய வண்டலும் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொண்டு போகும். வயலுக்கு வண்டல் உரம், கண்மாய்க்கு ஆழம். கண்மாய் நிறைந்திருக்கும்போது நீந்திப் போய்த்தான் இதைத் திறக்கணும். இதைப் பற்றிய கல்வெட்டுகளும் இந்த மாவட்டத்தில் கிடைத்திருக்கின்றன.

ஊர்க்காரர்களே சேர்ந்து கண்மாயைப் பராமரிப்பதற்குக் குடிமராமத்து என்று பேர். 2017-ல் தமிழக அரசு அதே பேரில் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. கஜாவுக்குப் பிறகு கொத்தமங்கலம், கீரமங்கலம் வட்டார இளைஞர்கள் பணம் திரட்டி, தாங்களே குளங்களைத் தூர்வார இறங்கினார்கள்.

*நீங்க செய்யலாம்:* உங்க ஊர்க் கண்மாய்க்குத் தண்ணீர் எந்த வழியா வருது, நிறைந்தால் எங்கே போகுதுன்னு ஒரு பெரியவரோடு நடந்து போய்ப் பாருங்க. அந்தப் பாதையை போன் மேப்பில் குறித்து வைங்க. வரத்துவாரி எங்கே அடைபட்டிருக்குன்னு தெரியாமல், கண்மாயை மட்டும் தூர்வாரிப் பலன் இருக்காது.

2. கலங்கல் தண்ணீரைத் தெளிய வைக்க

ஊரணித் தண்ணீர் மழைக்குப் பிறகு செம்மண் நிறத்தில் கலங்கி இருக்கும். அதைத் தெளிய வைக்கத் தேற்றாங்கொட்டையைப் பானையின் உள்பக்கம் தேய்ப்பார்கள். ராத்திரி தேய்த்து ஊற்றி வைத்தால், காலையில் மண் அடியில் படிந்திருக்கும். மேல்தண்ணீரை மட்டும் துணியில் வடிகட்டி எடுப்பார்கள்.

மிதக்கிற நுண்ணிய மண் துகள்களை ஒன்றோடு ஒன்று ஒட்ட வைத்துக் கனமாக்குவதுதான் அந்தக் கொட்டையின் வேலை. முருங்கை விதைப்பொடியும் இதையே செய்யும்.

ஒரு எச்சரிக்கை. தண்ணீர் தெளிந்துவிட்டால் கிருமி போயிடுச்சுன்னு அர்த்தமில்லை. தெளிந்த பிறகு கொதிக்க வைத்துத்தான் குடிக்கணும்.

3. அடுத்த வருஷத்துக்கு விதை

அப்பாயி வீட்டுக் கூரையில் ஒரு சுரைக்காய் மட்டும் பறிக்காமல் விடப்பட்டிருக்கும். மறந்து போய் விட்டதில்லை. அதுதான் விதைக்காய். கொடியின் நடுப்பகுதியில் காய்த்த, நோயில்லாத, நல்ல வடிவமான காயாகப் பார்த்து விட்டு வைப்பார்கள். சுரை, பீர்க்கு ரெண்டும் ஆட்டினால் உள்ளே விதை கலகலன்னு சத்தம் கேட்கிற வரைக்கும் கொடியிலேயே காயும். கத்தரியைப் பழுக்கவிட்டு, விதையை அலசிச் சாம்பலில் புரட்டி நிழலில் உலர்த்துவார்கள்.

பயறு வகைகளுக்கு வேறு முறை. துவரையைச் செம்மண் குழம்பில் புரட்டி, வெயிலில் காய வைப்பார்கள். அந்த மண் பூச்சு வண்டு துளைக்காமல் தடுக்கும். சாம்பலும் அப்படித்தான். விதைகளுக்கு நடுவே இருக்கிற இடைவெளியை அடைத்துவிடும், பூச்சியின் மேல்தோலையும் உராய்ந்து உலர வைத்துவிடும். வேப்பிலை, நொச்சி இலைகளும் கூடவே போகும்.

எல்லாத்துக்கும் முதல் விதி, ஈரம் இருக்கக் கூடாது. நெல்மணியைக் கடித்துப் பார்த்தால் 'டக்'குன்னு உடையணும். நசுங்கினால் இன்னும் காயலைன்னு அர்த்தம்.

*நீங்க செய்யலாம்:* மாடித்தோட்டத்தில் ஒரு வெண்டைச் செடியிலிருந்து தொடங்குங்க. இரண்டு காயை முற்றவிட்டு விதை எடுங்க. விதைக்கும் முன்னால் பத்து விதையை ஈரத்துணியில் சுற்றி வைங்க. எட்டு முளைத்தால் நல்ல விதை. பாக்கெட்டில் ஹைப்ரிட் என்று போட்டிருந்தால் அந்தச் செடியில் விதை எடுக்காதீங்க. அடுத்த தலைமுறைச் செடி தாய்ச்செடி மாதிரியே வராது. நாட்டு ரகமாகத் தேடி வாங்குங்க.

4. வெயிலும் உப்பும்தான் ஃபிரிட்ஜ்

புதுக்கோட்டை வெயிலைத் திட்டாதவங்க இல்லை. ஆனால், அப்பாயிக்கு அது இலவச எரிசக்தி. கொத்தவரை, சுண்டைக்காய், மாங்காய், மிளகாய் எல்லாம் பங்குனி, சித்திரை வெயிலில் வத்தலாகிவிடும். கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் கடற்கரையில் மீன் கருவாடாகும். கறி மிஞ்சினால் உப்புக்கண்டம். வடகாடு, ஆலங்குடி பக்கம் பலா சீசனில் மிஞ்சும் பலாக்கொட்டையை மணலில் புதைத்து வைத்து, காய்கறி இல்லாத மாசங்களில் குழம்பு வைப்பார்கள்.

உப்பும் வெயிலும் சேர்ந்து பொருளில் உள்ள தண்ணீரை வெளியேற்றிவிடும். தண்ணீர் இல்லாத இடத்தில் கிருமிகளால் பெருக முடியாது. சூத்திரம் அவ்வளவுதான்.

*மோர்மிளகாய் போடலாமா?* பச்சை மிளகாயை நுனியில் லேசாகக் கீறி, உப்புப் போட்ட புளித்த மோரில் ராத்திரி ஊற வைங்க. காலையில் எடுத்து வெயிலில் பரப்புங்க. சாயங்காலம் மறுபடி அதே மோரில் போடுங்க. மோர் முழுசா வத்துகிற வரைக்கும் மூணு நாலு நாள் இப்படியே செய்யணும். அப்புறம் மொறுமொறுன்னு காய விடுங்க. காற்றுப் புகாத ஜாடியில் போட்டால் மாசக்கணக்கில் வரும். பாதி காய்ந்ததை மூடி வைத்தால் பூஞ்சை பிடிக்கும். அதை அப்படியே தூக்கிப் போட்டுடுங்க.

5. ஓலையும் கீற்றும்

பிளாஸ்டிக் டப்பா வருவதற்கு முன்னால் வீட்டில் இருந்த பெட்டி, கொட்டான், பாய், விசிறி எல்லாமே பனைதான். குருத்தோலையை உலர்த்தி, ஒரே அகலத்தில் கிழித்து, பின்னுவதற்கு முன்னால் தண்ணீரில் நனைத்துக்கொள்வார்கள். காய்ந்த ஓலையை அப்படியே மடித்தால் உடைந்துவிடும்.

திருமயம் வட்டாரத்தில் உள்ள நகரத்தார் ஊர்களிலும், பக்கத்தில் காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களிலும் கல்யாணச் சீரில் கொட்டானுக்கு எப்பவும் இடம் உண்டு. மறைய இருந்த இந்தக் கைவேலையை எம்.ஆர்எம்.ஆர்எம். கல்ச்சுரல் ஃபவுண்டேஷன் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து மீட்டெடுத்தது. இன்று செட்டிநாடு கொட்டானுக்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது.

தென்னை நிறைந்த கீரமங்கலம், அறந்தாங்கி பக்கம் இன்னொரு வேலை, கீற்று முடைவது. மட்டையை நடுவில் பிளந்து, தண்ணீரில் ஊறப்போட்டு, ஒன்றுவிட்டு ஒன்றாகப் பின்னினால் கூரைக்கு, பந்தலுக்கு, மறைப்புக்குக் கீற்று தயார். கற்றுக்கொள்ள நல்ல ஆள் கிடைத்தால் ஒரு மட்டையை ஒரு மதியத்தில் முடைந்துவிடலாம். வேகம் வரத்தான் நாளாகும்.

6. சைக்கிள்!

இது எப்படிப் பாரம்பரியத் திறமை ஆகும்னு கேட்கலாம். காரணம் இருக்கு.

1991-ல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. எழுதப் படிக்கக் கற்றுக்கொண்ட கிராமத்துப் பெண்கள், கூடவே சைக்கிள் ஓட்டவும் கற்றார்கள். அப்போது கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் இதற்கு முழு ஆதரவு கொடுத்தார். விவசாயக் கூலிகள், கல்குவாரியில் வேலை பார்த்தவர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள் எனப் பல தரப்புப் பெண்களும் வந்தார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது ஆண்கள் ஓட்டுகிற சைக்கிளிலேயே ஏறினார்கள். 1992 மகளிர் தினத்தில் 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டையில் சைக்கிள் பேரணி போனார்கள். பத்திரிகையாளர் பி.சாய்நாத் எழுதியதன் மூலம் இந்தக் கதை உலகம் முழுக்கப் போனது.

பஸ்ஸுக்கும் வீட்டு ஆண்களுக்கும் காத்திருக்காமல் தண்ணீர் எடுக்க, சந்தைக்குப் போக, பிள்ளையைப் பள்ளியில் விட முடிந்தது. 'பொம்பளப்புள்ள சைக்கிள் ஓட்டுறதா'ன்னு கிண்டல் செய்தவர்கள் நிறையப் பேர். அதையும் மீறித்தான் ஓட்டினார்கள்.

அன்றைக்கு 25, 30 வயதில் சைக்கிள் பழகிய பெண்கள்தான் இன்றைய அப்பாயிகள், அம்மாச்சிகள். அவங்களுக்குத் தெரிந்ததெல்லாம் பரம்பரையாக வந்தது மட்டுமில்லை. வளர்ந்த பிறகு, விழுந்து எழுந்து, பக்கத்து வீட்டுக்காரியிடமிருந்து கற்றுக்கொண்டதும் இருக்கு. 'இந்த வயசுல இனிமே எங்க கத்துக்கிறது'ன்னு சொல்கிற நமக்கு அவங்களே பதில்.

எல்லாமே பொற்காலமா?

இல்லை. தண்ணீர் இறைப்பது, நெல் குத்துவது, மாவு ஆட்டுவது எல்லாம் பெரும்பாலும் பெண்கள் தலையில் விழுந்த வேலை. பல கைவேலைகள் சாதியோடு கட்டப்பட்டிருந்தன. ஊர்ப் பொதுக்கிணற்றில் எல்லோரும் வாளி போட முடியாத காலமும் அதுதான். மிக்ஸியும் குழாயும் பலருக்கு விடுதலை. அதனால் பழைய வாழ்க்கைக்கே திரும்பிப் போகணும்னு யாரும் சொல்ல வேண்டியதில்லை. வேலையின் அறிவை எடுத்துக்கலாம். யார் செய்யணும் என்கிற பழைய கணக்கை விட்டுடலாம். மோர்மிளகாய் போடுவதைப் பேரனும் கற்றுக்கொள்ளட்டும், கண்மாய்ப் பாதையைப் பேத்தியும் தெரிஞ்சுக்கட்டும்.

எப்படிக் கேட்பது?

'அப்பாயி, வடகம் எப்படிப் போடுறது?'ன்னு கேட்டால், 'அதுல என்னத்தா இருக்கு, எல்லாத்தையும் கலந்து காய வெக்கணும்'னுதான் பதில் வரும். அவங்களுக்கு அது வார்த்தையில் இல்லை, கையில் இருக்கு. அதனால்,

* 'சொல்லுங்க' என்பதற்குப் பதிலா 'வாங்க, சேர்ந்து செய்வோம்'னு கூப்பிடுங்க.
* 'ஒரு கை உப்பு' என்றால் அவங்க கையால் அள்ளச் சொல்லி, சமையல் தராசில் எடை போட்டு எழுதி வைங்க.
* வீடியோ எடுக்கும்போது முகத்தைவிடக் கையை அதிகமா எடுங்க. பதம் தெரிவது அங்கேதான்.
* 'இது கெட்டுப்போனா எப்படித் தெரியும்?'னு கட்டாயம் கேளுங்க. செய்முறையைவிட இந்தப் பதில் முக்கியம்.
* ஒரு தடவை அவங்க பார்க்க, நீங்களே தனியா செய்யுங்க. தப்பை அவங்க அங்கேயே திருத்துவாங்க.

இந்த வேலைகளுக்கு ஒரு சீசன் உண்டு. வத்தலுக்குக் கோடை, விதைக்கு அறுவடை, கண்மாய்க்கு மழைக்கு முந்தின மாசங்கள். இந்தத் தடவை விட்டால் அடுத்த வருஷம்தான். அவங்க வயசையும் கணக்கில் வெச்சுக்கோங்க. இந்த வார லீவுக்கு ஊருக்குப் போனால், ஆறில் ஏதாவது ஒன்றை மட்டும் எடுத்துக்கிட்டு அவங்க பக்கத்தில் உட்காருங்க.