பாடலாசிரியரின் பெயரும் பங்கும்: பொத்துவில் அஸ்மினை முன்வைத்து

2022இல் வெளிவந்து கடல் கடந்தும் பரவிய ‘ஐயோ சாமி’யைப் பலரும் விண்டி குணதிலக்கவின் பாட்டு என்றே சொல்வார்கள். சிங்களப் பாடகி ஒருவர் தமிழில் பாடியது அதற்குத் தனி ஈர்ப்பைத் தந்தது. வரிகள் பொத்துவில் அஸ்மினுடையவை. விஜய் ஆண்டனியின் ‘நான்’ படத்தில் ‘தப்பெல்லாம் தப்பே இல்லை’ எழுதியவரும் அவரே. பிறர் குரலில் புகழ்பெறும் பாட்டில் எழுதியவருக்கு எஞ்சுவது என்ன என்பதை ஆராய இவ்விரண்டும் பொருத்தமானவை. ஒன்று இலங்கையில் உருவானது, மற்றது தமிழகத்தில்.

இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், பாட்டைப் பிரதிசெய்யவும் ஒலிபரப்பவும் பொதுவில் பாடவும் அனுமதிக்கும் பொருளாதார உரிமையைப் படைத்தவருக்கே தருகிறது (9ஆம் பிரிவு). அதை எழுத்திலான ஒப்பந்தத்தால் விற்றுவிடலாம். கைச்செலவுக்குத் தவிக்கும் இளங்கவிஞர் ஒரே தொகைக்கு விற்றுவிடவும் கூடும். 10ஆம் பிரிவின் பெயருரிமை அப்படியன்று. பாட்டை விற்ற பின்னும் அது எழுதியவரிடமே நிற்கும். அவர் வாழும்வரை இன்னொருவர் கைக்கு மாறாது. இந்தியா மேலும் ஒரு படி போனது. 2012 ஜூன் 21இல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, திரையரங்கில் படத்தோடு காட்டப்படுவது தவிர்ந்த பயன்பாடுகளில் பாடலாசிரியர் தமக்குரிய சமபங்கு ரோயல்டியைத் தாமே விரும்பினாலும் தயாரிப்பாளருக்கு விட்டுக்கொடுக்க முடியாது. ‘நான்’ அதே ஆண்டு ஆகஸ்டில் திரைக்கு வந்தது. இலங்கைப் பாடலாசிரியருக்கு இத்தகைய காப்பு இல்லை. ஆகவே இங்கு பெயரே அவரது முதற்சொத்து என்பது என் வாதம்.

பெயர் சோறு போடுமா என்று கேட்பார்கள். போடும். ஒரு பாட்டுக்கு உலகளவில் இரு அடையாள எண்கள் உண்டு: ஒலிப்பதிவுக்கு ஐ.எஸ்.ஆர்.சி., வரிக்கும் மெட்டுக்கும் ஐ.எஸ்.டபிள்யூ.சி. முன்னதை, பாட்டை இணையத்தில் ஏற்றும் விநியோக நிறுவனமே பெரும்பாலும் இட்டுவிடும். பின்னதோ எழுதியவர் பெயரையும் பங்கையும் பதிப்புரிமைச் சங்கம் ஒன்றில் பதிந்தால்தான் கிடைக்கும். வேறொருவர் அதே பாட்டைப் புதிதாகப் பாடிப் பதிவிட்டால் ஒலிப்பதிவு மாறிவிடுகிறது. எழுதியவரைத் தேடிப் பணம் வர இரண்டாம் எண்தான் வழி.

மேடையிலும் இதே கதைதான். அலைச்சறுக்குப் பருவத்தில் அறுகம்குடா விடுதியொன்றில் இசைக்குழு பாடுகிறது என்று வைத்துக்கொள்வோம். பாடகருக்கு அன்றிரவே கூலி. எழுதியவரின் பங்கோ, விடுதி உரிமம் பெற்று, பாடிய பாட்டுகளின் பட்டியலை ஒப்படைத்தால் மட்டுமே அவரைச் சேரும். பட்டியலில் ‘ஐயோ சாமி – விண்டி’ என்று மட்டும் எழுதினால் அஸ்மின் அதில் இல்லை.

எழுதியவர் யாரென்றே தெரியாத ‘கவி’ என்னும் நாட்டார் பாடல்களுக்குக்கூட இலங்கைச் சட்டம் பெயர் கேட்கிறது. நாட்டார் பாடலைப் பகிரங்கமாகப் பயன்படுத்துவோர் அது எந்தச் சமூகத்தில் அல்லது எந்த இடத்தில் பிறந்தது என்று குறிப்பிட வேண்டும் என்கிறது 24ஆம் பிரிவு. வயற்காவலிலும் நெற்குற்றும் முற்றத்திலும் வளர்ந்த பொத்துவில் கவியை மேடையேற்றுபவர் ஊரையோ சமூகத்தையோ சொல்லியாக வேண்டும். வணிகப் பயன்பாட்டுக்கு அறவிடும் பணம் மட்டும் பண்பாட்டு மேம்பாட்டுக்குப் போகிறது; பாடிக்கொடுத்த மூதாட்டிக்கென்று பங்கு எதுவும் ஒதுக்கப்படவில்லை. இந்தியத் திருத்தத்தை ஒத்த பிரிவொன்றை இலங்கையில் கோருவோர் இந்த இடைவெளியையும் சேர்த்தே கோர வேண்டும்.